ஏரி வாரியமும் மச்சான் உறவும்

சென்னையிலிருந்து அரக்கோணம் போற ரயில்ல திருவள்ளூர் தாண்டினதும் எங்க ஸ்டேஷன் வரும். பெரும்பாலான பேருக்கு அது ஜன்னல் வழியா பாத்துட்டு விட்டுடற ஒரு போர்டு. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க "ரத்தின சபை இருக்கிற ஊராச்சே, காரைக்கால் அம்மையார் தலையால நடந்து வந்த ஊராச்சே" என்பாங்க. கரும்பு போடறவங்களுக்கு சர்க்கரை ஆலை ஞாபகம் வரும். கல்வெட்டு, செப்பேடு படிக்கிறவங்க மட்டும் "திருவாலங்காடா!" என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காருவாங்க. அது ஏன் என்பதைக் கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும்.

உள்ளாட்சி பற்றி எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க. எங்க மாவட்டத்துல 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டு வந்த பஞ்சாயத்துகளோட காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சது. அதுக்கப்புறம் தனி அலுவலர்தான். அதுக்கு முன்னாடியும் 2016 கடைசியிலிருந்து 2019 கடைசி வரைக்கும் இதே கதைதான், தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமலே மூணு வருஷம் ஓடுச்சு. "அப்ப உங்க ஊர்ல தெரு விளக்கு, ஏரி, குடிதண்ணி எல்லாம் யார் முடிவு பண்றாங்க?" என்று பட்டணத்து நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனா எனக்கு அதைவிடப் பழைய கேள்வி ஒண்ணு இருக்கு. தேர்ந்தெடுத்த ஆள் இருந்தப்ப மட்டும் யார் முடிவு பண்ணாங்க?

இதுக்குப் பதில் தேடினா ஆயிரம் வருஷம் பின்னாடி போக வேண்டியிருக்கு.

எங்க ஊரை ஒட்டினது பழையனூர். நீலி கதை கேட்டிருப்பீங்க. "நீலிக்கண்ணீர்" என்கிற சொல்லோட சொந்த ஊர் இதுதான். காஞ்சிபுரத்துச் செட்டி ஒருத்தன் வழிப்பயணமா வர்றான். போன பிறவியில அவன் கொன்ன மனைவி பேயா, நீலியா பின்னாடியே வர்றா. கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "இவன் என் புருஷன், என்னை விட்டுட்டு ஓடறான்" என்று ஊர்ச் சபையில வழக்கு வைக்கிறா. சபையில இருந்தவங்க எழுபது வேளாளர். செட்டி நடுங்கிப்போய், இவ என்னைக் கொன்னுடுவா என்கிறான். சபை விசாரிச்சுட்டு, ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல தங்கச் சொல்லுது. "உன் உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எழுபது பேரும் உயிரை விடறோம்" என்று வாக்கும் கொடுக்குது. விடிஞ்சு பாத்தா செட்டி பொணமாக் கெடக்கான். எழுபது பேரும் தீயில இறங்கிட்டாங்க என்பது கதை. ஒருத்தர் மட்டும் கழனியில ஏர் ஓட்டிக்கிட்டு இருந்தாராம். சேதி கேட்டு, கலப்பைக் கொழுவுலயே உயிரை விட்டாராம். தீப்பாய்ந்த மண்டபம் என்று இன்னிக்கும் ஒரு இடம் காட்டறாங்க. திருஞானசம்பந்தர் எங்க ஊர்ப் பதிகத்துல இந்தச் சேதியைத் தொட்டுப் போறார் என்பதால, கதை ஏழாம் நூற்றாண்டிலேயே ஊர்வாயில இருந்திருக்கு.

இதை எல்லாரும் சொல் தவறாத பெருமைக்கு உதாரணமாச் சொல்வாங்க. எனக்கு அதுல வேற ஒண்ணு படும். அந்தச் சபை ஒரு முடிவு எடுத்துச்சு, முடிவு தப்பாப் போச்சு, எடுத்தவங்களே அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டாங்க. தீயில இறங்கணும்னு நான் யாரையும் சொல்லலைங்க. ஆனா ஒரு கமிட்டி தன்னோட முடிவுக்குத் தானே ஜாமீன் என்கிற எண்ணம் இந்த மண்ணுல ரொம்பப் பழசு. சபை கண்ணீரை நம்பிச் சாட்சியை விட்டது என்கிறதும் கதையில இருக்கு, அதையும் மறக்கக் கூடாது.

இப்ப செப்பேட்டுக்கு வர்றேன். திருவாலங்காட்டுச் செப்பேடு 1905-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மொத்தம் 31 ஏடு, எல்லாம் ஒரே வளையத்துல கோத்தது. முத்திரையில புலி, மீன், வில். 10 ஏடு வடமொழி, 271 சுலோகம். மீதி 21 ஏடு தமிழ். சோழர் வம்ச வரலாறு எழுதினவங்க எல்லாம் அந்த வடமொழிப் பகுதியை எடுத்துக்கிட்டு ராஜராஜன், ராஜேந்திரன், கங்கை, கடாரம் என்று போயிடுவாங்க. (இது ராஜேந்திரனோட ஆறாம் ஆட்சியாண்டு ஆணை, அதாவது 1018 வாக்குல. கடாரம் போனது அதுக்கப்புறம். அதனால வடமொழிப் பகுதியைப் பிற்பாடுதான் சேர்த்திருப்பாங்க என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து.) என்னை மாதிரி கழனிக்காரனுக்குத் தமிழ்ப் பகுதிதான் ருசி. எதுக்குன்னா, அதுல விஷயமே பழையனூர்தான்.

சேதி இவ்வளவுதான். அதுவரைக்கும் பழையனூர், சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையோட பிரம்மதேயம். ராஜா அதை மாத்தி, வெள்ளான் வகை ஊராக்கி, திருவாலங்காட்டு மகாதேவருக்குத் தேவதானமாக் கொடுக்கிறார். அதாவது ஊரோட வரி வருமானம் ஒரு பிராமணச் சபைகிட்ட இருந்து கோயிலுக்குப் போகுது, உழவர் ஊரா ஊர் பதிவாகுது. ஆணை வந்ததும் நாட்டார், பக்கத்து பிரம்மதேயக் கிழவர், தேவதான ஊர், பள்ளிச்சந்த ஊர் என்று எல்லாருக்கும் திருமுகம் போகுது. பெண் யானையை நடக்க விட்டு எல்லை சுத்தறாங்க. பின்னாலேயே ஊர்க்காரங்க நடந்து, இது மேடு, இது ஓடை, இது ஏரிக்கரை என்று காட்டறாங்க. எல்லையில கல்லும் கள்ளியும் நடறாங்க. அப்புறம் கையெழுத்து.

இன்னிக்கு சர்வேயர் வந்து செயின் பிடிச்சு அளக்கிறப்ப பக்கத்துக் கழனிக்காரன் வரப்புல நின்னுக்கிட்டு இருப்பானே, அதே காட்சிதான். யானை மட்டும் இல்லை.

ஆனா கவனிங்க. பழையனூர்க்காரங்களை யாரும் கேட்டதாத் தெரியலை. முடிவு மேலிருந்து வந்தது. ஊர் கூட நடந்தது, எல்லை காட்டுச்சு, கையெழுத்துப் போட்டது. இதையும் நாம இப்ப வரைக்கும் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம்.

ஊரே உட்கார்ந்து தனக்குத் தானே விதி எழுதிக்கிட்ட இடம் பாக்கணும்னா காஞ்சிபுரம் தாண்டி உத்திரமேரூர் போகணும். பள்ளிக்கூடப் புத்தகத்துல குடவோலை முறை என்று நாலு வரி படிச்சிருப்பீங்க. அந்த நாலு வரி அந்தக் கல்வெட்டுக்குச் செய்யற அநியாயம். வைகுண்டப் பெருமாள் கோயில்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு 12-ஆம் ஆட்சியாண்டு, 919-ஆம் வருஷம். இன்னொண்ணு 14-ஆம் ஆட்சியாண்டு, 921. ரெண்டே வருஷத்துல விதியைத் திருத்தி எழுதியிருக்காங்க. முதல் விதியில வயசு 30 முதல் 60 வரை. திருத்தத்துல 35 முதல் 70. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கல்வெட்டு சொல்லலை. ஆனா திருத்தம் எதுக்குன்னா, கெட்டவங்க ஒழிஞ்சு நல்லவங்க தழைக்கணும்னு காரணம் போட்டிருக்கு. ஒரு விதி ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு காரணத்தோட மாறினா ஊர்ல ஏதோ சூடா நடந்திருக்கு என்று ஊகிக்க சரித்திரப் படிப்பு வேணாம், கிராமத்துல பொறந்திருந்தாலே போதும்.

ஊரை 30 குடும்பாப் பிரிச்சிருக்காங்க. குடும்பு என்றால் வார்டு என்று வச்சுக்கங்க. ஒரு குடும்புல தகுதி உள்ளவங்க பேரை எல்லாம் தனித்தனி ஓலையில எழுதி, கட்டாக் கட்டி, இது எந்தக் குடும்பு என்று வாயோலை வச்சுக் குடத்துல போடணும். மகாசபை பாலர் முதல் விருத்தர் வரைக்கும் கூடணும். கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம உள் மண்டபத்துல இருக்கணும். அவங்கள்ல வயசுல மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லாரும் பாக்கற மாதிரி காட்டணும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லி, அதை வேற குடத்துல போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையைப் பிள்ளை எடுக்கணும். அதை மத்தியஸ்தன் வாங்கறப்ப அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அப்புறம் அவன் வாசிக்கணும், நம்பிமார் எல்லாரும் வாசிக்கணும், அதுக்கப்புறம்தான் பேரை எழுதணும்.

அந்த விரிச்ச விரல்தான் எனக்குப் பிடிச்ச இடம். விரல் இடுக்குல இன்னொரு ஓலையை மறைச்சு வச்சு மாத்திட்டவன் எவனோ ஒருத்தன் அந்த ஊர்ல நிச்சயம் இருந்திருக்கணும். இல்லாட்டி இவ்வளவு துல்லியமா ஒரு விதி எங்கிருந்து வரும்?

ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். இது தேர்தல் இல்லை, குலுக்கல். இவருக்கு ஓட்டு, அவருக்கு ஓட்டு என்கிற பேச்சே இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில டி. பிரகாசம் உத்திரமேரூரைச் சுட்டிக்காட்டி, வாக்குச்சீட்டும் குடமும் அப்பவே இருந்தது என்கிற மாதிரி பேசினார். அதிலிருந்து "உலகின் முதல் தேர்தல்" என்று மேடைக்கு மேடை சொல்லிக்கிட்டு இருக்கோம். அது முதலும் இல்லை, தேர்தலும் இல்லை. ஏதென்சுல அதுக்கு ஆயிரத்து முன்னூறு வருஷம் முன்னாடியே சீட்டுக் குலுக்கி அதிகாரிகளை எடுத்திருக்காங்க. வெனிஸ் நகரத்துல 13-ஆம் நூற்றாண்டிலிருந்து தலைவரைத் தேர்ந்தெடுக்கறப்ப உருண்டை எடுக்க ஒரு சின்னப் பையனைத்தான் கூட்டிட்டு வந்தாங்க. மூணு ஊரும் ஒண்ணை ஒண்ணு பாத்துச் செஞ்சதா யாரும் சொல்லலை. பெரியவங்க கை மேல எந்த ஊர்லயும் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

இப்படி வந்த 30 பேரை எப்படிப் பிரிச்சாங்க என்பதுதான் விவசாயி கண்ணுக்கு முக்கியம். சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டுக் கமிட்டிக்கு, 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஆண்டுக் கமிட்டிக்கு யார் போகலாம்? ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செஞ்சவங்க, அறிவுலயும் வயசுலயும் மூத்தவங்க. ஏரிக்கரையில நின்னு மதகு பாத்து, கலங்கல் பாத்து, வண்டல் வாரின கணக்கு ஒப்பிச்சவன்தான் ஊரோட பெரிய விஷயத்தைப் பேச உட்காரலாம். இதை யாராவது மந்திரிகளுக்கும் பொருத்தினா நல்லா இருக்கும்.

பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்றும் உண்டு. அதுக்குத் தனியாக் குலுக்கணும். பொன் வாரியம் தங்கத்தோட மாற்றுப் பாக்க. பஞ்சவாரம் என்னங்கிறதுல அறிஞர்கள் நடுவே இன்னும் பேச்சு முடியலை, நாம அதுக்குள்ள போக வேணாம்.

பதவிக்காலம் 360 நாள். நடுவுல தப்புச் செஞ்சு மாட்டினா அப்பவே இறக்கிடணும். போன மூணு வருஷத்துல வாரியம் செஞ்சிருந்தா இப்ப பேரே எழுதக் கூடாது. இதெல்லாம் சரி. எல்லாத்துக்கும் மேல கணக்கு விதி இருக்கே, அதுதான் இந்தக் கல்வெட்டோட உயிர் என்று நான் நினைக்கிறேன். வாரியம் செஞ்சுட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக் கூடாது. அவன் மட்டுமில்லை, சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, தாய்மாமன், கூடப் பிறந்தவன், மாமனார், பெண்டாட்டியோட அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி புருஷன், அக்கா தங்கச்சி பிள்ளை, மருமகன், பெத்த அப்பன், பெத்த பிள்ளை ஒருத்தர் பேரும் கூடாது.

இந்த வரிசையைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. கல்தச்சன் உளியால ஒவ்வொரு எழுத்தாக் கொத்தறப்ப செலவு ஆகும். அந்தச் செலவைப் பாக்காம மச்சான் வரைக்கும் எழுதியிருக்காங்கன்னா, கணக்குக் காட்டாதவன் அடுத்த வருஷம் மச்சானை நிறுத்துவான் என்பது அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஏதென்சுலயும் பதவி முடிஞ்சா கணக்கு ஒப்பிக்கணும். ஆனா இந்த மாதிரி உறவு முறையைப் பட்டியல் போட நம்ம ஆளுங்களாலதான் முடியும். அத்தை பிள்ளை வேற, சித்தி பிள்ளை வேற என்று தனித்தனிச் சொல் வச்சிருக்கிற மொழி இல்லையா.

கணக்கு எழுதறவனையும் சும்மா விடலை. அவன் நேர்வழியில சம்பாதிக்கிறவனா இருக்கணும். தான் எழுதின கணக்கைப் பெரிய வாரியத்துப் பெருமக்கள் முன்னாடி வச்சு, சுத்தம்னு ஆன பிறகுதான் மறுபடியும் கணக்கு எழுத வரலாம்.

இவ்வளவு கண்டிப்பு எதுக்குன்னா, எல்லாம் தண்ணிக்காகத்தான் என்பது என் கணக்கு. தொண்டை மண்டலம் ஏரி நாடு. காவிரி மாதிரி ஆறு நமக்கு இல்லை. பாலாறும் கொசத்தலையாறும் வருஷத்துல சில நாள் வரும், மத்த நாள் மணல். பெய்யற நாலு மழையைப் பிடிச்சு வச்சாத்தான் நெல்லு. உத்திரமேரூர்ல வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்து ஏரி. அதுல வருஷா வருஷம் வண்டல் வார, புண்ணியத்துக்குப் பொன்னும் நெல்லும் கொடுத்தவங்க இருக்காங்க. அந்த முதலை ஏரி வாரியப் பெருமக்கள் கையில ஒப்படைச்சு, வட்டியில வேலை நடக்கணும்னு எழுதி வச்ச கல்வெட்டுகள் உண்டு. தொண்டை மண்டலத்துல ஏரிக்குள்ள ஓடம் விட்டு மண் வாரின கல்வெட்டும் இருக்கு. ஒரு பொது முதல், அதுக்கு வட்டி, அதைக் கையாள ஆறு பேர், அவங்க தலைக்கு மேல மச்சான் விதி. இவ்வளவும் சேந்தாத்தான் மதகுல தண்ணி வரும். பொது முதல் இருக்கிற இடத்துல திருட்டும் இருக்கும் என்பதை ஒத்துக்கிட்டு எழுதின விதி இது. அதனாலதான் எனக்கு இதுமேல மரியாதை.

மரியாதை இருந்தாலும் மறுபக்கத்தைச் சொல்லாம விட்டா அது சரித்திரம் ஆகாது. குடத்துல பேர் விழ என்ன தகுதி? வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல சொந்தமா இருக்கணும். வேலி சுமார் ஆறரை ஏக்கர், ஆக ஒன்றரை ஏக்கருக்கு மேல. சொந்த மனையில சொந்த வீடு. மந்திர பிராமணம் ஓதத் தெரிஞ்சிருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் சொல்லத் தெரிஞ்சா அரைக்கால் வேலி போதும். படிப்புக்கு நிலத்துல பாதிச் சலுகை. அது பிராமணச் சபை. உழுதவன், நாத்து நட்டவ, வண்டல் வாரிக் கரையில கொட்டினவன், சேரியில இருந்தவன் ஒருத்தர் பேரும் அந்தக் குடத்துக்குள்ள போகலை. பெண்கள் பேச்சே இல்லை. உத்திரமேரூர்ச் சபை முடிவெடுத்த நாள்ல ராஜாவோட அதிகாரி ஒருத்தர் கூடவே உட்கார்ந்திருந்தார் என்பதும் கல்வெட்டிலேயே இருக்கு. 919-இல் தத்தனூர் மூவேந்தவேளான் என்று பேரே போட்டிருக்கு.

உழவர் ஊர்கள்ல "ஊர்" என்றே ஒரு கூட்டம் இருந்தது, வெள்ளான் வகை ஊர்களோட சபை அது. பழையனூர் அப்படி ஆனதைத்தான் மேலே சொன்னேன். அவங்க எப்படிக் கூடினாங்க, யாரைச் சேத்தாங்க என்பதை இந்த அளவுக்குக் கல்லுல எழுதி வைக்கலை. எழுத்து யார் கையில இருந்ததோ அவங்க கமிட்டிதான் இன்னிக்குப் பாடப் புத்தகத்துல இருக்கு. அம்பேத்கர் அதே 1948 நவம்பரில், கிராமத்தைக் கொண்டாடறவங்களைப் பாத்து, அது குறுகிய புத்தியும் சாதியும் ஊறிப்போன இடம்தானே என்று காட்டமாக் கேட்டார். கிராமத்துலயே குடியிருக்கிற எனக்கு அவர் மேல கோபம் வரலை. பிரகாசம் சொன்னதும் கல்லுல இருக்கு, அம்பேத்கர் சொன்னதும் அதே கல்லுல இருக்கு. கடைசியில 40-ஆவது பிரிவா பஞ்சாயத்து அரசியல் சட்டத்துக்குள்ள வந்தது, வழிகாட்டும் கொள்கையா மட்டும். கட்டாயம் ஆனது 73-ஆவது திருத்தத்துக்கு அப்புறம், 1993 ஏப்ரல் 24-இலிருந்து. பட்டியல் சாதிக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு அதோட வந்தது. குடத்துக்குள்ள அந்தப் பேரெல்லாம் விழ ஆயிரத்து எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

நடுவுல ஒரு தெற்கத்திக் கதை. திருநெல்வேலிப் பக்கம் மானூர்ல, உத்திரமேரூருக்கும் நூறு வருஷம் மூத்த பாண்டியர் கல்வெட்டு ஒண்ணு, 800 வாக்குல. சபையில யார் உட்காரலாம்னு அதுவும் விதி போடுது. அதுல ஒரு விதி: எந்த யோசனை வந்தாலும் "ஆகாது, ஆகாது" என்றே சொல்லிக்கிட்டு இருக்கிறவனுக்கு, ஒவ்வொரு தடவைக்கும் 5 காசு அபராதம். அவனுக்கு ஒத்து ஊதறவனுக்கும் சேத்து. எங்க ஊர்ல இந்த விதி வந்தா ரெண்டு பேர் கழனியை வித்துக் கட்ட வேண்டியிருக்கும். பேர் வேணாம்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எதிர்க்கிறவன் வாயை அடைக்கவும் இந்த விதியைப் பயன்படுத்தியிருப்பாங்களே என்கிற சந்தேகமும் எனக்கு உண்டு. வேணாம்னு சொல்றவன் சில நேரம் ஊரைக் காப்பாத்துவான்.

இப்ப நம்ம காலத்து வாரியத்துக்கு வருவோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. அதுபடி ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை மற்றும் நீர்வள மேலாண்மைக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு என்று அஞ்சு குழு உண்டு. ஏரி வாரியம் போகலைங்க, பேர்தான் நீளமாச்சு. கிராம சபை முன்னாடி வருஷத்துக்கு நாலு, இப்ப ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவை அங்கே வைக்கணும்.

காகிதத்துல இது உத்திரமேரூரைவிட எவ்வளவோ மேல். பதினெட்டு வயசானவங்க எல்லாரும் கிராம சபை உறுப்பினர், நிலம் வேணாம், வேதம் வேணாம். ஆனா உங்க சொந்த ஊர் ஊராட்சியில நீர்வள மேலாண்மைக் குழுவுல யார் யார் இருந்தாங்கன்னு அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப கேட்டுப் பாருங்க. குழுவுல இருந்தவங்களுக்கே தெரியாத ஊர் உண்டு. தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காக வீடு வீடா வர்றதை நான் பாத்திருக்கேன். எந்த ஊர், யார் கொண்டு வந்தாங்க என்பது இங்கே எதுக்கு. திண்ணையில உட்கார்ந்திருந்த பெரியவர் "எதுக்குப்பா இது?" என்றார். "போடு தாத்தா, கூட்டம் நடந்துச்சு" என்று பதில் வந்தது. அஞ்சு விரலை விரிக்கச் சொன்னவங்க ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு.

இன்னொரு சிக்கல், ஏரியே இப்ப ஊர்கிட்ட முழுசா இல்லை. நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத் துறை, அதுக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன் ஏலம் ஒரு பக்கம், ஏரிக்குள்ள வளர்ற மரம் இன்னொரு பக்கம், சவுடு மண் அனுமதி கனிம வளத்துறைப் பக்கம். வெள்ளைக்காரன் காலத்துல குடிமராமத்தைக் கட்டாய வேலையாக்கி 1858-லேயே சட்டம் போட்டாங்க. அதுவரைக்கும் ஊர் தன் ஏரி என்று செஞ்ச வேலை, சர்க்காருக்குச் செய்யற வேலையா மாறினதும் ஜனங்க மெதுவா நழுவிட்டாங்க. 2000-இல் நீர்ப்பாசனச் சங்கங்களுக்குச் சட்டம் வந்தது, 2016-17-இல் குடிமராமத்து என்கிற பேரே திட்டமாத் திரும்பி வந்தது. நல்லா நடந்த இடமும் உண்டு, கரையை மேல சுரண்டி போட்டோ எடுத்த இடமும் உண்டு. அந்தந்த ஊர் ஏரியில தண்ணி எத்தனை மாசம் நிக்குதுன்னு பாத்தா எது எதுன்னு தெரிஞ்சுடும்.

பட்டணத்துக்காரங்க, இது கிராமத்து ஏரிக் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேணாம். உங்க குழாய்ல வர்ற புழல் தண்ணியும் செம்பரம்பாக்கம் தண்ணியும் ஒரு காலத்துல கழனிக்குப் பாய்ஞ்ச ஏரித் தண்ணிதான். எங்க பக்கமா வர்ற கொசத்தலையாத்தைப் பூண்டியில மறிச்சது 1944-இல். 1939-இல் சென்னை மேயரா இருந்த சத்தியமூர்த்தி விடாப்பிடியா நின்னு மாநகராட்சியை முடிவெடுக்க வச்சதால வந்த நீர்த்தேக்கம் அது. திறக்கறதைப் பாக்க அவர் இல்லை, 1943-லேயே போயிட்டார். இன்னிக்கும் அதுக்கு அவர் பேருதான். ஒரு நகர சபை எடுத்த ஒரு முடிவுக்கு இந்த ஆயுசு. அந்தத் தண்ணி வர்ற வழியில இருக்கிற நூத்துக்கணக்கான சின்ன ஏரிகளோட கரையும் மதகும் எந்தக் குழு கையில இருக்கு, அந்தக் குழுவுல யார் இருக்காங்க என்பது அதனால உங்க விஷயமும்தான்.

உத்திரமேரூர் போறதா இருந்தா, காஞ்சிபுரத்துலேருந்து பஸ் நிறைய இருக்கு. வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு. கல்வெட்டு மண்டபத்துச் சுவர்லயும் அதன் அடித்தளத்துலயும் சுத்தி ஓடுது. உச்சி வெயில்ல போனா எழுத்து தெரியாது. சாயங்காலம் வெயில் சாய்ஞ்சு பக்கவாட்டுல விழறப்ப போங்க, கொத்தின பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து மேலே வரும். கிரந்தம் கலந்த பழைய தமிழ், சட்டுனு படிக்க வராது. அங்கே இருக்கிறவங்ககிட்ட மச்சான் பேச்சு எந்த வரியில வருதுன்னு கேளுங்க.

அப்படியே திரும்பற வழியில அரக்கோணம் பக்கமா வந்தா பழையனூர் மண்டபத்தையும் பாத்துட்டுப் போகலாம். மத்தியானம்னா முன்னாடியே சொல்லிடுங்க, வீட்டுல ஒரு பிடி அரிசி கூடப் போடச் சொல்றேன்.